காரைக் குனிய வைத்த கதை

என் மச்சினன் வீட்டுக்கு வந்தால் முதலில் ஃபிரிட்ஜைத் திறப்பான். அன்றைக்கு ஃபிரிட்ஜ் பக்கமே போகவில்லை. நேராக பால்கனிக்குப் போய், கீழே நின்றுகொண்டிருந்த என் காரை இரண்டு நிமிஷம் பார்த்தான். ஜாதகக் கட்டத்தில் சனியைப் பார்த்த ஜோசியர் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"மாமா, உங்க காருக்கு ஸ்டான்ஸ் இல்லை."

"ஸ்டாண்டா? அது ஸ்கூட்டருக்குத்தானேடா இருக்கும்?"

"ஸ்டான்ஸ் மாமா! கார் நிக்கிற தோரணை. உங்க வண்டி மழைத் தண்ணியில வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு நிக்கிற ஆள் மாதிரி இருக்கு. ரெண்டு இன்ச் இறக்கினா போதும், சும்மா சிறுத்தை மாதிரி பதுங்கும்."

மாருதி 800-ஐ சிறுத்தை என்று சொன்ன முதல் மனிதன் அவனாகத்தான் இருக்கும். பையன் ஓ.எம்.ஆரில் இன்ஜினீயரிங் படிக்கிறான். நான் பி.காம். அவன் சொன்னால் விஷயம் இருக்கும் என்று நம்பினேன். (பி.காம். படித்தவர்கள் இன்ஜினீயர்களை நம்புவதும், இன்ஜினீயர்கள் பி.காம். படித்தவர்களிடம் வரிக் கணக்கைக் கொடுத்து நம்புவதும்தான் இந்த நாட்டை ஓட்டுகிறது.)

அந்தக் கார் என்னுடையது என்று சொன்னேனே, அதுவும் முழு உண்மை இல்லை. அப்பா 2009-ல் ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தில் வாங்கியது. அடுத்த வருஷம் ஏப்ரலோடு சென்னையில் அந்த மாடல் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள், புகை விதி மாறியதால். 2014-ல் தயாரிப்பும் நின்றது. ஆக, எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பெரிய வம்சத்தின் கடைக்குட்டி.

இருந்தாலும் எனக்கு ஒரு குறை. நாவலூரில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டில் என் காருக்கு இடப்பக்கம் ஒரு பெரிய வண்டி, வலப்பக்கம் அதைவிடப் பெரிய வண்டி. நடுவில் என்னுடையது, இரண்டு தவில்காரர்களுக்கு இடையில் உட்கார்ந்த ஜால்ராக்காரர் மாதிரி. ஒரு நாள் வாட்ச்மேன் அக்கறையாகக் கேட்டார்: "சார், இது ஓடுதா... இல்ல, சும்மா நிறுத்தி வெச்சிருக்கீங்களா?"

அந்தக் கேள்வி உள்ளே எங்கோ தைத்திருந்தது. அதனால்தான் மச்சினன் சொன்னதும் தலையாட்டினேன்.

அப்பாவிடம் சொல்லாமல் செய்ய முடியாது. "காரோட சஸ்பென்ஷனைக் கொஞ்சம் மாத்தப் போறோம்பா" என்றேன்.

அப்பா பேப்பரை இறக்கினார். உள்ளாட்சி நிதித் தணிக்கையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர். அவர் அகராதியில் சஸ்பென்ஷனுக்கு ஒரே அர்த்தம்தான். "என்ன தப்பு பண்ணிச்சு அது? மெமோ குடுத்தியா? விளக்கம் கேட்டியா?" என்றார். நாங்கள் சிரித்தோம். அது எவ்வளவு நியாயமான கேள்வி என்று எட்டு மாசம் கழித்துத்தான் தெரிந்தது.

பட்டறைக்குப் போனோம். (பெயர் வேண்டாம், அவர்களும் பிழைத்துப் போகட்டும்.) இறக்குவதற்கென்றே தயாரிக்கிற ஸ்பிரிங் இந்தப் பழைய வண்டிக்குக் கிடைக்காது, இருக்கிறதையே வெட்டிவிடலாம் என்றார்கள். ஒருவர் கிரைண்டரை எடுத்தார். தீப்பொறி பறந்தது. ஆறு சுற்று இருந்த சுருளில் ஒன்றரைச் சுற்று கீழே விழுந்தது. மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். தீபாவளி மத்தாப்பு சேர்த்து.

"அலைன்மென்ட் பண்ண வேண்டாமா?" என்று கேட்டேன். எங்கோ காதில் விழுந்த வார்த்தை.

"ஸ்பிரிங் செட்டில் ஆகட்டும் சார். அப்புறமா பாத்துக்கலாம்."

'அப்புறம் பாத்துக்கலாம்' என்பதற்குக் கணக்கு எழுதுகிற ஊரில் ஒரு பெயர் உண்டு: சஸ்பென்ஸ் அக்கவுன்ட். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை அதில் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம், ஆடிட்டர் வருகிற வரைக்கும். நானும் அதில் தள்ளிவிட்டுத் தூங்கினேன்.

முதல் வாரம் எனக்கு நடை மாறிவிட்டது. வாட்ச்மேன் வண்டியைச் சுற்றி வந்து, "புதுசா சார்?" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு மூவாயிரத்து ஐந்நூறு அதிகமில்லை.

இரண்டாவது வாரம் ஸ்பீட் பிரேக்கர் வந்தது.

வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-லேயே வரையறை போட்டிருக்கிறது. உயரம் பத்து சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு தாண்ட வேண்டும். எங்கள் தெருவில் வேகத்தடை போட்டவருக்கு அந்தப் புத்தகம் போய்ச் சேரவில்லை. அவர் ஒரு சட்டி தாரை எடுத்து அப்பளம் போட மனசில்லாமல் போண்டாவாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். என் சிறுத்தை அதன் மேல் ஏறி, வயிற்றைத் தேய்த்து, 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் போட்டது. அந்த ஒன்றில் மட்டும் அது நிஜமாகவே சிறுத்தை.

அதற்கப்புறம் ஒரு குடும்ப ஒழுங்குமுறை ஏற்பட்டது. வேகத்தடை வந்தால் மனைவியும் மகளும் இறங்கிவிடுவார்கள். நான் காரைக் குறுக்குவாட்டில் நண்டு மாதிரி ஏற்றி இறக்குவேன். அவர்கள் அந்தப் பக்கம் நடந்து வந்து ஏறிக்கொள்வார்கள். "என்னங்க, இதுக்கு நாம பேசாம பஸ்லயே போயிடலாமே" என்று மனைவி ஒரு தடவை சொன்னாள். ஒரு தடவைதான். அதற்கப்புறம் சொல்லவில்லை. பார்த்தாள்.

அப்பா இறங்கவில்லை. இறங்க முடியவில்லை என்பதே சரி.

எங்கள் வீட்டில் கிருத்திகை என்றால் அப்பாவை திருப்போரூர் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். அம்மா இருந்த காலத்து வழக்கம். இரண்டு முழங்காலும் தேய்ந்தவர் அவர். வண்டி பழைய உயரத்தில் இருந்தபோது முதலில் இடுப்பை சீட்டில் வைத்து, அப்புறம் காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொள்வார். இறங்கும்போது கதவைப் பிடித்து ஓர் உந்து. யாரும் கை கொடுக்க வேண்டாம், கொடுத்தாலும் பிடிக்காது.

இரண்டு இன்ச் இறக்கினதும் அந்தக் கணக்கு மாறிவிட்டது. சீட் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. முதல் கிருத்திகைக்கு உட்காரும்போது 'தொப்'பென்று விழுந்தார். கோயில் வாசலில் நானும் மச்சினனும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். "பரவால்லடா, பரவால்லடா" என்றார். அடுத்த கிருத்திகைக்குத் தலைவலி என்றார். அதற்கடுத்ததற்கு, "வீட்லயே விளக்கேத்திக் கும்பிட்டா முருகன் வேண்டாம்பாரா?" என்றார். ஆவணி, புரட்டாசி இப்படியே போனது.

நான் வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், காரை நினைக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் அவருக்கு தாம்பரத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. கேளம்பாக்கம் – வண்டலூர் ரோட்டில் போகிறோம். நல்ல மழை. வேகம் ஐம்பதுகூட இருக்காது. முன்னால் போன ஆட்டோ பிரேக் போட்டான், நானும் போட்டேன். கார் நிற்கவில்லை. வாழைப்பழத் தோலில் கால் வைத்த மாதிரி முன்பக்கம் இடதுபுறமாக இழுத்துக்கொண்டு போய், ரோட்டை விட்டு இறங்கி, சேற்றில் புதைந்து நின்றது. ஒரு கை அகலத்தில் புளியமரம். பின்னால் வந்த லாரி ஹாரனை அழுத்தியபடியே கடந்து போனது. அந்த ஹாரன் சத்தம் போன பிறகும் என் கை ஸ்டியரிங்கை விடவில்லை.

அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்தான் முதலில் பேசினார். "டயரைப் பாரு."

மழையில் இறங்கிப் பார்த்தேன். "நல்லாத்தான் இருக்குப்பா. பட்டன்லாம் அப்படியே இருக்கு."

"வெளியில பார்த்துட்டு சொல்லாதே. கையை உள்ள விட்டுத் தடவு."

தடவினேன். உள்பக்க ஓரத்தில் ரப்பரே இல்லை. விரலில் ஏதோ குத்தியது. டயருக்குள் இருக்கிற கம்பி!

"முப்பது வருஷம் இதைத்தான்டா பண்ணேன். முதல் பக்கத்தை எல்லாரும் அழகா எழுதுவான். நாலாவது பக்கத்துக்குப் பின்னாடி பார்க்கணும்" என்றார் அப்பா.

பக்கத்திலேயே ஒரு கொட்டகையில் வயசான மெக்கானிக் ஒருவர் இருந்தார். இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் ரேஸ் டிராக் வருவதற்கு முன்னால், சோழவரத்தில் பழைய யுத்தகால விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் நடந்த நாட்களில், அங்கே எடுபிடி வேலை பார்த்தவராம். காரைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்தார். வெட்டின ஸ்பிரிங்கைப் பார்த்து 'த்சொ த்சொ' என்றார்.

"அலைன்மென்ட் பண்ணீங்களா?"

"ஸ்பிரிங் செட்டில் ஆனதும்..."

"டயரு செட்டில் ஆயிடுச்சு சார்" என்றார்.

பிறகு அந்த மனிதர் டீ வரவழைத்து, காலில் இருந்த செருப்பைக் கழற்றி வைத்து, எனக்குப் பாடம் நடத்தினார். நான்கு வருஷக் கல்லூரிப் பாடம் என் மச்சினனுக்குச் சொல்லாததை இரண்டு செருப்பு சொன்னது.

செருப்பைச் செங்குத்தாக நிறுத்தி மேல்பக்கத்தை உள்ளே சாய்த்தார். அது கேம்பர். இரண்டு செருப்பையும் தரையில் வைத்து நுனிகளை உள்ளே, வெளியே திருப்பினார். அது டோ. மூன்றாவதுக்கு என் கண்முன் ஒரு சைக்கிளைக் காட்டினார். முன்சக்கரத்து ஃபோர்க் சாய்வாக இருக்கிறதே, அதனால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போகிறது. காரில் அந்தச் சாய்வுக்குப் பெயர் காஸ்டர். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அலைன்மென்ட். கம்பெனிக்காரன் ஓர் உயரத்தை முடிவு பண்ணி, அந்த உயரத்துக்கு இந்த மூன்றையும் ஒத்திசைத்து வைத்திருக்கிறான்.

"சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கீழ்க் கை ஒரு வட்டத்துல ஆடும். ஸ்டியரிங்ல இருந்து வர்ற டை ராடு வேற நீளம், அது வேற வட்டத்துல ஆடும். கம்பெனி வெச்ச உயரத்துலதான் ரெண்டும் ஒத்துப்போகும். நீங்க பாடியை இறக்கிட்டீங்க. ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்குது. சக்கரத்தோட தலை உள்ள சாஞ்சிருச்சு, மூஞ்சி வெளிய திரும்பிருச்சு. பள்ளத்துல விழுந்தா நீங்க திருப்பாமலே ஸ்டியரிங் திரும்பும். பிரேக் போட்டா, ரப்பர் இருக்கிற பக்கம் ஒரு மாதிரி பிடிக்கும், இல்லாத பக்கம் வழுக்கும்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. இது டபுள் என்ட்ரி! ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும் என்று பிளஸ் ஒன்னில் அக்கவுன்டன்சி வாத்தியார் ஸ்கேலால் அடித்துச் சொல்லிக்கொடுத்ததுதான். உயரத்தில் இரண்டு இன்ச் பற்று எழுதிவிட்டு, எதிர்ப் பதிவே போடாமல் எட்டு மாசம் ஓட்டியிருக்கிறேன்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். சக்கரம் ஒரு டிகிரி கோணலாக இருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் டயர் பதினேழு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. அரை டிகிரி என்றால் எட்டே முக்கால் மீட்டர். நான் மாசம் எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவன். அப்படியானால் மாசா மாசம் அந்தச் சக்கரத்தை ஏழு கிலோமீட்டர், கிட்டத்தட்ட நாவலூரிலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும், தரையில் போட்டுத் தேய்த்துக்கொண்டே போயிருக்கிறேன். கம்பி தெரியாமல் என்ன செய்யும்?

ஸ்பிரிங் கதை இன்னும் மோசம். ஆறு சுற்றில் ஒன்றரையை வெட்டினால் மிச்சம் நாலரை. சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும். என்னுடையது மூன்றில் ஒரு பங்கு விறைத்துவிட்டது. ஷாக் அப்சார்பர் பழசு, அந்த விறைப்பை அடக்க அதற்குத் தெம்பு இல்லை. மேலே கீழே ஆடுவதற்கு இருந்த இடத்தில் பாதி போய்விட்டதால், சின்னப் பள்ளத்துக்கே கடைசி ரப்பர் வரை போய் முட்டுகிறது. முட்டினதெல்லாம் அப்பாவின் முதுகில்.

"அப்ப ரேஸ் கார்லாம் தரையோட தரையா போகுதே?" என்று கேட்டேன். கௌரவத்தைக் காப்பாற்ற ஏதாவது கேட்க வேண்டாமா?

"போகும். காரணமாத்தான் போகும்" என்றார். பாரம் தாழ இருந்தால் வளைவில் வெளிச்சக்கரத்துக்குத் தாவுகிற எடை குறையும். ஈர்ப்பு மையம் ஐம்பது சென்டிமீட்டரிலிருந்து நாற்பத்தைந்துக்கு வந்தால் பத்தில் ஒரு பங்கு லாபம். இதே மாருதி 800 எஞ்சினை வைத்துத்தான் கோவை கரிவரதன் ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டினார். நாராயண் கார்த்திகேயன் ஆரம்பித்ததும் அந்தக் கார்களில்தான். 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஃபார்முலா 4 ஓடினதே, அந்தக் கார்களும் தரையைத் தடவிக்கொண்டுதான் போயின. ஆனால் அவர்கள் ஸ்பிரிங்கை இறக்கினால் அதற்கேற்ற ஷாக் போடுவார்கள், சக்கரச் சாய்வைத் திருத்துவார்கள், டிரைவரை உட்கார வைத்து நாலு சக்கரத்தின் எடையையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள், கடைசியாக டோவை நேராக்குவார்கள்.

"இந்த மாதிரி வண்டியை அளவுக்கு மேல இறக்கினா வளைவுல கம்மியா சாயாது சார், கூடத்தான் சாயும். வண்டி எதைச் சுத்திச் சாயுதோ அந்த இடம் பாடியை விட வேகமா கீழ போயிடும். அதையெல்லாம் சரிக்கட்டித்தான் ரேஸ்ல விடுவாங்க. அப்புறம் முக்கியமா, அங்க உங்க தெரு ஸ்பீட் பிரேக்கர் கிடையாது."

அதற்குள் அப்பா அடுத்த கேள்வியை எடுத்துவிட்டார். "இதுக்கு ஆர்.டி.ஓ. என்ன சொல்லுவான்?"

வீட்டுக்கு வந்து பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு: தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது இரண்டும். நாலு ஸ்பிரிங் வெட்டினது ஒரு மாற்றமா, நாலு மாற்றமா? பி.காம். மூளை இருபதாயிரம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தது.

மறுநாளே மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். நாலு ஸ்பிரிங், நாலு ஷாக், இரண்டு டயர், கூலி எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரம். 'புதுசா சார்?' என்ற இரண்டு வார்த்தையின் அடக்க விலை, ஆக மொத்தம் இருபத்தைந்தாயிரத்து ஐந்நூறு.

அவர் முதலில் நாலு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து, நூல் கட்டி, சக்கரத்தின் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து நேராக்கினார். 'நூல் பிடிச்ச மாதிரி' என்று நாம் சொல்வது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு நேரில் பார்த்தேன். "இது கேரேஜ் கணக்கு. கம்ப்யூட்டர்லயும் ஒரு தடவை பாத்துடுங்க" என்று அவரே அனுப்பிவைத்தார். அங்கே ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தார்கள், எல்லாம் பச்சை. என் பி.காம். மார்க் ஷீட்டில்கூட அவ்வளவு பச்சை கிடையாது. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினதும் இன்னொரு தடவை காட்டச் சொன்னார்கள். ஸ்பிரிங் செட்டில் ஆகும் என்பது பொய் இல்லை. அதுவரைக்கும் அளக்கவே வேண்டாம் என்பதுதான் பொய்.

மச்சினன் வந்தான். பால்கனியிலிருந்து பார்த்தான். "திரும்ப வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிச்சா?" என்றான். அவனைக் கீழே அழைத்துப்போய், கழற்றி வைத்திருந்த பழைய டயரின் உள்பக்கத்தைத் தடவச் சொன்னேன். விரலை எடுத்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "தாத்தா உள்ள இருந்தாரா மாமா?" என்றான். "இருந்தார்" என்றேன். ஃபிரிட்ஜைத் திறக்காமலே போய்விட்டான்.

கார்த்திகை மாசக் கிருத்திகை. காலையில் ஐந்தரைக்கே அப்பா விபூதி பூசிக்கொண்டு கீழே நின்றிருந்தார். நான் சாவியோடு ஓடிப்போய்க் கையை நீட்டினேன்.

"தள்ளுடா" என்றார்.

இடுப்பை சீட்டில் வைத்தார். வலது கால் உள்ளே. இடது கால் உள்ளே. கதவை அவரே சாத்தினார். தெருமுனைப் போண்டா வந்தது. யாரும் இறங்கவில்லை. கார் ஏறியது, இறங்கியது, சத்தமே இல்லை.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சஸ்பென்ஷனை ரத்து பண்ணி மறுபடி வேலைக்குச் சேர்த்துட்டாங்க போலிருக்கு" என்றார்.